அந்த இரண்டு பெண்கள் ஏன் சும்மா உட்கார்ந்திருக்கிறார்கள்?

கேள்வி: பிரெஞ்சு ஓவியர் பால் கோகன் 1891இல் வரைந்த ‘கடற்கரையில் டஹிட்டிப் பெண்கள்’ ஓவியத்தை ஒரு புத்தகத்தில் பார்த்தேன். இரண்டு பெண்கள் மணலில் உட்கார்ந்திருக்கிறார்கள், அவ்வளவுதான். ஒன்றும் நடக்கவில்லை. கடல்கூடச் சரியாகத் தெரியவில்லை. இதைப் போய் ஏன் போஸ்ட்-இம்ப்ரெஷனிசத்தின் முக்கியமான படங்களில் ஒன்று என்கிறார்கள்? அந்த ஆள் அங்கே சின்னப் பெண்களோடு குடும்பம் நடத்தியவர் என்றும் படித்தேன். அப்படியானால் இதை ரசிப்பதா, வேண்டாமா?

பதில்:

நீங்கள் கவனித்ததில் தப்பே இல்லை. அந்தப் படத்தில் ஒன்றும் நடக்கவில்லைதான். கடலும் கடல் மாதிரி இல்லைதான். நான் முதன்முதலில் அதைப் பார்த்தது ஒரு காலண்டரில். சிவப்பு ஒரேயடியாக ஏறிப்போன மட்டமான அச்சு. ‘இதை எதற்குப் போட்டான்’ என்றுதான் எனக்கும் தோன்றியது. பல வருஷம் கழித்துப் பாரிஸில் ஓர்சே அருங்காட்சியகத்தில் அசலின் முன்னால் நின்றபோதும் முதல் இரண்டு நிமிஷம் அதே எண்ணம்தான். பிறகு வலப்பக்கத்துப் பெண்ணின் சட்டை கண்ணில் பட்டது. அங்கிருந்துதான் எனக்கு அந்தப் படம் திறந்தது. சட்டைக்குப் பிறகு வருகிறேன்.

படம் பெரியதல்ல. 69 செ.மீ. உயரம், 91 செ.மீ. அகலம். அதாவது மூன்றடிக்கு இரண்டேகால் அடி. அந்தச் சின்னச் சட்டத்துக்குள் இரண்டு பெரிய உடல்கள் அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கின்றன. இடப்பக்கத்துப் பெண் ஒரு கையை மணலில் ஊன்றி, கண்ணைத் தாழ்த்தியிருக்கிறாள். முகத்தின் ஒரு பக்கம் மட்டும் நமக்குத் தெரிகிறது. இடுப்பில் வெள்ளைப் பூப்போட்ட சிவப்புத் துணி. காதோரம் ஒரு பூ, கூந்தலில் மஞ்சள் நாடா. வலப்பக்கத்துப் பெண் சம்மணம் போட்டு நம்மைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறாள். ஆனால் பார்வை நம்மீது இல்லை, எங்கோ ஓரமாகப் போகிறது. கையில் ஓலை நார், ஏதோ முடைந்துகொண்டிருக்கிறாள். பசிபிக் தீவான டஹிட்டியில் பாய், தொப்பி, கூடை எல்லாம் ஓலையில் முடைவது அன்றாட வேலை. நம் கடற்கரைகளில் தாழம்பாய் முடைந்தவர்களுக்கு அந்தக் கைகளின் நிலை சட்டென்று புரியும். வேலை பாதியில் நிற்கிறது. கை நாரைப் பிடித்திருக்கிறது, மனம் அதில் இல்லை.

அவர்களுக்குப் பின்னால் மஞ்சள் மணல். அதற்கு மேல் பச்சையும் கருமையுமாகக் காயல். தூரத்தில் பவளப்பாறையில் அலை உடைவதற்கு அடையாளமாகச் சில வெள்ளைக் கோடுகள். எல்லாம் பட்டை பட்டையாக, புடவைக் கரை மாதிரி ஒன்றன்மேல் ஒன்று. அடிவானம் என்று கண்ணை ஓட்டிப் போக இடமில்லை. கடற்கரைப் படம் என்றால் நாம் எதிர்பார்ப்பது திறந்த வெளி, காற்று. இங்கே கடல் ஒரு சுவர். இரண்டு பெண்களும் அந்தச் சுவருக்கு முன்னால், பார்க்கிற நம் முழங்காலுக்கு நேரே உட்கார்ந்திருக்கிறார்கள்.

இது தெரியாமல் வந்த குறையில்லை. அதை உணர, இருபத்தொரு வருஷம் முன்னால் போய் இன்னொரு படத்தைப் பார்க்க வேண்டும். 1870 கோடையில் க்ளோத் மோனே பிரான்ஸின் வடகரையில் த்ரூவில் என்ற ஊரில், கடற்கரையில் உட்கார்ந்து ஒரு சின்னப் படம் வரைந்தார். இப்போது லண்டன் நேஷனல் கேலரியில் இருக்கிறது. அதிலும் இரண்டு பெண்கள்தான். குடை பிடித்து நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார்கள். வெள்ளை உடையில் இருப்பவர் பெரும்பாலும் மோனேயின் மனைவி கமீல். நடுவில் ஒரு காலி நாற்காலி. அந்தப் படத்தின் வண்ணத்துக்குள் உண்மையான கடற்கரை மணல் ஒட்டியிருப்பதை ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். ஈர வண்ணத்தின் மேல் காற்று அள்ளி வீசிய மணல். இம்ப்ரெஷனிசம் என்றால் என்ன என்று என்னிடம் யாராவது கேட்டால் நான் கோட்பாடு எதுவும் சொல்வதில்லை, அந்த மணலைத்தான் சொல்வேன். அந்த நாள், அந்த வெயில், அந்தக் காற்று, அந்த நிமிஷம். கமீலின் முகத்தில் மூக்கு வாய் எழுதக்கூட மோனே நிற்கவில்லை. நின்றால் வெளிச்சம் மாறிவிடும்.

கோகன் இந்தப் பள்ளியில்தான் படித்தார். பங்குச்சந்தையில் வேலை பார்த்துக்கொண்டே ஞாயிற்றுக்கிழமைகளில் வரைந்தவர், ஓவியர் பிஸ்ஸாரோவிடம் கற்றுக்கொண்டவர், 1886 வரை இம்ப்ரெஷனிஸ்டுகளின் கண்காட்சிகளில் படம் வைத்தவர். 1882இல் பாரிஸ் பங்குச்சந்தை சரிந்தது. வேலையும் போனது. முழுநேர ஓவியரானார், கையில் காசில்லாமல் போனது. டென்மார்க்காரியான மனைவி மெட்டும் ஐந்து குழந்தைகளும் கோபன்ஹேகனில், இவர் பிரான்ஸில். அந்தக் குடும்பக் கதையை நான் நீட்டப்போவதில்லை, எல்லா வாழ்க்கை வரலாற்றிலும் கிடைக்கும்.

ஓவியத்துக்கு முக்கியமானது 1888. அந்த வருஷம் பிரான்ஸின் மேற்கே பிரித்தானிக் கரையோரம் பொன்தவேன் என்ற ஊரில், எமீல் பெர்னார் என்ற இருபது வயதுப் பையனோடு சேர்ந்து கோகன் ஒரு முடிவுக்கு வந்தார். கண் பார்ப்பதை அப்படியே பிடிக்க ஓடுவதை நிறுத்த வேண்டும். பார்த்ததை மனதில் போட்டு ஊறவைத்து, வேண்டாததை விட்டு, மிஞ்சியதை வரைய வேண்டும். ஒவ்வொரு உருவத்தையும் கரிய கோட்டால் கட்ட வேண்டும். கோட்டுக்குள் ஒரே வண்ணத்தைத் தட்டையாக நிரப்ப வேண்டும். தேவாலயங்களின் வண்ணக் கண்ணாடி ஜன்னல்களைப் பார்த்திருப்பீர்கள், கண்ணாடித் துண்டுகளுக்கு நடுவே ஈயப் பட்டை ஓடும். ஏறக்குறைய அந்த முறைதான். ஜப்பானிய மரஅச்சுப் படங்களிலிருந்தும் எடுத்துக்கொண்டார்கள். இயற்கையை அளவுக்கு மீறி நகலெடுக்காதே, அதன் முன்னால் கனவு காண் என்ற பொருளில் அந்த ஆகஸ்டில் தன் நண்பர் ஷூஃபெனெக்கருக்குக் கோகன் கடிதம் எழுதினார். அந்த அக்டோபரில்தான் ஆர்லுக்குப் போய் வான்கோவோடு இரண்டு மாதம் ஒரே வீட்டில் இருந்தார். வான்கோ தன் காதை அறுத்துக்கொண்டதில் அது முடிந்தது, ஊருக்கே தெரியும். காதை விட்டுவிட்டு நம் படத்துக்கு வருவோம்.

ஆக, மோனே பிடித்த அந்த நிமிஷத்தைக் கோகன் வேண்டுமென்றே வெளியே தள்ளினார். காற்று இல்லை. எந்த மணி நேரத்து வெயில் என்று சொல்ல முடியாது. மணலில் நிழல் விழுந்தாலும் அது நிழலாக விழவில்லை, இன்னொரு வண்ணமாக விழுகிறது. அந்தப் பெண்கள் ஐந்து நிமிஷமாக உட்கார்ந்திருக்கிறார்களா, ஐந்நூறு வருஷமாகவா என்று தெரியாதபடி செய்திருக்கிறார். ‘ஒன்றும் நடக்கவில்லை’ என்று நீங்கள் சொன்னது அவர் காதில் விழுந்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார் என்று நினைக்கிறேன்.

இடையில் ஒரு பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். மோனே வேறு, மானே வேறு. இந்தப் படத்தில் இருவர் கையும் உண்டு, ஆனால் மானேயின் கைதான் பெரிது. எடுவார் மானே 1873இல் பெர்க் கடற்கரையில் தன் மனைவியையும் தம்பியையும் மணலில் உட்காரவைத்து ஒரு படம் வரைந்தார். அதுவும் இப்போது ஓர்சேயில்தான். இரண்டு பேர், கட்டையான கரிய உருவங்கள், மேலே பட்டையாகக் கடல், ஒருவரையொருவர் பார்க்காத மௌனம். கோகன் ஆரம்பத்தில் தன்னைக் கத்துக்குட்டி என்று சொல்லிக்கொண்டபோது, மோசமாக வரைகிறவன்தான் கத்துக்குட்டி என்று தேற்றியவர் மானே. டஹிட்டிக்குக் கப்பல் ஏறும் முன் மானேயின் ‘ஒலிம்பியா’வை நகலெடுத்தார் கோகன். அதன் புகைப்படம் ஒன்றைக் கையோடு கொண்டும் போனார்.

‘போஸ்ட்-இம்ப்ரெஷனிசம்’ என்ற சொல்லைக் கோகன் கேட்டதே இல்லை. 1910 நவம்பரில் லண்டன் கிராஃப்டன் கேலரியில் ஆங்கிலக் கலை விமர்சகர் ரோஜர் ஃப்ரை ஒரு கண்காட்சி வைத்தார். மானேயையும் அவருக்குப் பின் வந்தவர்களையும் ஒரே கூரையின் கீழ் கொண்டுவர ஒரு பெயர் தேவைப்பட்டது. ‘இம்ப்ரெஷனிசத்துக்குப் பிறகு’ என்று பொத்தாம்பொதுவாக வைத்துவிட்டார். கோகன் இறந்து அப்போது ஏழு வருஷம். வான்கோ, செஸான், ஸூரா யாருமே உயிரோடு இல்லை. இவர்கள் நான்கு பேரும் ஒரே மாதிரி வரைந்தவர்களும் இல்லை. அதனால் ‘இந்தப் படத்தில் போஸ்ட்-இம்ப்ரெஷனிசம் எங்கே இருக்கிறது’ என்று தேடினால் கிடைக்காது. கோடு எங்கே, தட்டை வண்ணம் எங்கே, விட்டுவிட்டது எதை என்று தேடுங்கள்.

இனி அந்தச் சட்டை.

வலப்பக்கத்துப் பெண் போட்டிருப்பது இளஞ்சிவப்பு நிறத்தில் கழுத்து முதல் கால் வரை மூடிய, நீளக்கை வைத்த தொளதொள கவுன். நம் வீடுகளில் நைட்டி என்கிறோமே, அதற்குப் பாட்டி முறை. அது டஹிட்டி உடை இல்லை. 1797இல் லண்டன் மிஷனரி சங்கத்தின் முதல் கூட்டம் ‘டஃப்’ என்ற கப்பலில் டஹிட்டியில் வந்து இறங்கியது. ஒரு தலைமுறைக்குள் அரச குடும்பமே கிறிஸ்தவமானது. பழைய வழிபாட்டு மேடைகள் இடிந்தன, நடனம் தடைபட்டது, உடம்பை மூடு என்றார்கள். இந்த கவுன் அந்த உத்தரவின் வடிவம். அதே நூற்றாண்டில் பசிபிக் தீவுகள் பலவற்றில் இதன் அக்கா தங்கைகள் முளைத்தன. கப்பலோடு வந்த நோய்களில் தீவின் ஜனம் பெருமளவு செத்துமடிந்தது. 1842இல் பிரான்ஸ் ‘பாதுகாப்பு’ என்று உள்ளே வந்தது, 1880இல் முழுக் குடியேற்ற நாடாக்கிக்கொண்டது.

கோகன் பாப்பியெத்தே துறைமுகத்தில் இறங்கியது 1891 ஜூன் மாதம். அப்போதுதான் 43 வயது முடிந்திருந்தது. வருவதற்கு முன் பிப்ரவரியில் பாரிஸில் தன் படங்களை ஏலம் போட்டு, கிட்டத்தட்ட 10,000 ஃபிராங்க் சேர்த்திருந்தார். நாகரிகத்தின் தொல்லையிலிருந்து விடுபட்டு அமைதியாக எளிய கலை செய்யப் போகிறேன் என்று பத்திரிகைக்குப் பேட்டியும் கொடுத்திருந்தார். வேடிக்கை என்னவென்றால், நாகரிகத்தைவிட்டு ஓடுகிறவர் கையில் பிரெஞ்சு அரசாங்கத்தின் உத்தியோகபூர்வக் கடிதம் ஒன்று இருந்தது. சம்பளமில்லாத கலைப் பணி, ஆனால் அரசு முத்திரை உண்டு. வந்து சில நாளில், ஜூன் 12ஆம் தேதி, கடைசி அரசர் ஐந்தாம் பொமாரே இறந்துபோனார். தேடி வந்த பழைய டஹிட்டியின் சவ ஊர்வலத்தைத்தான் கோகன் முதலில் பார்த்தார் என்று சொல்லலாம். பாப்பியெத்தேவில் அதிகாரிகள், வியாபாரிகள், தகரக் கூரைகள், தேவாலய மணி. பிடிக்காமல் தெற்குக் கரையில் சுமார் 45 கி.மீ. தள்ளி மத்தாயேயா என்ற ஊருக்குப் போய் மூங்கில் வீடு ஒன்றில் தங்கினார். அங்கும் சொர்க்கம் இல்லை. மீன் பிடிக்கத் தெரியாது, மரம் ஏறத் தெரியாது. சுற்றிலும் கடலும் தோப்பும் இருக்க, இவர் கடையில் டப்பா உணவு வாங்கிச் சாப்பிட்டார்.

அந்த முதல் மாதங்களில் வரைந்த படம் இது. முன்பு நான் இதை ஒரு சுலபமான கணக்காகப் படித்தேன். இடப்பக்கம் பழைய டஹிட்டி: பூ, வெறுங்கால், இடுப்புத் துணி. வலப்பக்கம் புதிய டஹிட்டி: மிஷனரி கவுன். நடுவில் மௌனம். பல புத்தகங்களும் இப்படித்தான் சொல்கின்றன. ஆனால் அந்தச் சிவப்புத் துணியைக் கொஞ்சம் உற்றுப் பார்த்தால் கணக்கு உதைக்கிறது. டஹிட்டிக்காரர்கள் ஐரோப்பியர் வருவதற்கு முன் உடுத்தியது மரப்பட்டையை ஊறவைத்து அடித்துத் தட்டிய துணி. அதற்கு ‘தப்பா’ என்று பெயர். இந்தப் பெண் கட்டியிருப்பது ‘பரேயோ’, நம் லுங்கி மாதிரி சுற்றிச் செருகுவது. அந்தப் பளிச்சென்ற பூப்போட்ட பருத்தித் துணி ஐரோப்பிய ஆலைகளில் அச்சாகிக் கப்பலில் வந்து கடையில் கஜக்கணக்கில் விற்றது. சுற்றும் விதம் டஹிட்டியுடையது, துணி ஆலையுடையது. ஆக, இரண்டு பெண்களும் ஒரே கப்பலில் வந்த சரக்கைத்தான் உடுத்தியிருக்கிறார்கள். ஒருத்தி ஞாயிற்றுக்கிழமை உடுப்பில், இன்னொருத்தி வீட்டு உடுப்பில் என்று வைத்துக்கொள்ளுங்களேன். ஆதி, நவீனம் என்ற பிரிவு பார்க்கிற பாரிஸ்காரர் மனதில் இருந்தது. மணலில் இருந்தவை ஒரு லுங்கியும் ஒரு நைட்டியும்.

இதற்குச் சாட்சி கோகனே கொடுத்திருக்கிறார். மறு வருஷம், 1892இல், இதே படத்தைத் திரும்ப வரைந்தார். அது ஜெர்மனியில் டிரெஸ்டன் நகர அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதே இரண்டு பெண்கள், கிட்டத்தட்ட அதே நிலை. ஆனால் வலப்பக்கத்துப் பெண்ணின் மிஷனரி கவுனைக் காணோம்! அவளுக்கும் பூப்போட்ட பரேயோ கட்டிவிட்டார். பெயரையும் டஹிட்டி மொழியில் வைத்தார்: ‘பராவ் அப்பி’. பராவ் என்றால் பேச்சு, அப்பி என்றால் புதுசு. ‘என்ன சேதி?’ என்று நாம் கேட்பது மாதிரி. கோகனுக்கு அந்த மொழி அரைகுறை. பாரிஸில் அந்தத் தலைப்புகள் ஒருவருக்கும் புரியவும் இல்லை. புரியாததில்தான் அவற்றின் கவர்ச்சி என்பது அவருக்குத் தெரிந்திருக்கும்.

என் அபிப்பிராயம் இதுதான்: முதல் படத்தில் கோகன் பார்த்ததை வரைந்தார், இரண்டாவதில் விற்க வேண்டியதை வரைந்தார். அல்லது, கொஞ்சம் இரக்கத்தோடு சொன்னால், பார்க்க ஆசைப்பட்டதை வரைந்தார். ஓர்சேயில் இருக்கும் முதல் படத்தை நான் ஒரு படி மேலே வைப்பது அதனால்தான். கதை சொல்வதில் கோகன் பெரிய கைகாரர். டஹிட்டியைப் பற்றித் தான் எழுதிய ‘நோவா நோவா’விலேயே பழைய தெய்வக் கதைகளை, உள்ளூரில் கேட்டவை போலச் சேர்த்துக்கொண்டார். அவை பெரும்பாலும் மோரென்ஹூட் என்பவர் 1837இல் வெளியிட்ட நூலிலிருந்து எடுத்தவை. அப்படிப்பட்டவரின் கை, தீவுக்கு வந்த புதிதில், கதை கட்டத் தொடங்கும் முன், ஒரு நைட்டியை நைட்டியாகவே வரைந்துவிட்டது.

இரண்டாவது கேள்வி. சுற்றி வளைக்காமல் சொல்கிறேன்: நீங்கள் படித்தது உண்மை. டஹிட்டியில் அவரோடு வாழ்ந்த தெஹாமனாவுக்கு அப்போது சுமார் 13 வயது. இடையில் பிரான்ஸுக்கு வந்து, 1895இல் மறுபடி டஹிட்டிக்குப் போன பிறகு புனாவியாவில் பஹூரா, வயது 14. கடைசியில் மார்க்கசஸ் தீவுகளின் ஹிவா ஓவாவில் இன்னொரு 14 வயதுப் பெண். 1903 மே 8ஆம் தேதி அங்கேயே அத்துவோனா ஊரில் கோகன் இறந்தார். ‘அந்தக் காலத்துச் சட்டம் அனுமதித்தது’ என்று சிலர் பரிந்து பேசுவார்கள். சட்டம் 13 என்றுதான் வைத்திருந்தது, சரி. ஆனால் பாரிஸில் ஒரு வக்கீலின் 13 வயது மகளிடம் அவர் இதைச் செய்திருக்க முடியுமா? முடியாது. குடியேற்ற நாட்டில் வெள்ளைக்காரன் என்பதால் முடிந்தது. 2019இல் லண்டன் நேஷனல் கேலரி அவருடைய உருவப்படக் கண்காட்சியை வைத்தபோது, கோகனைப் பார்ப்பதையே நிறுத்திவிட வேண்டுமா என்ற கேள்வியைக் கண்காட்சியின் ஒலி வழிகாட்டியிலேயே கேட்டார்கள்.

நான் நிறுத்தவில்லை. ஆனால் ‘ஆள் வேறு, கலை வேறு’ என்று கழுவிவிடவும் எனக்கு மனமில்லை. கோகன் விஷயத்தில் அது பொய், ஆள்தான் அங்கே கலைக்குள் நிற்கிறார். ஒரு சின்ன உதாரணம்: மோனேயின் கடற்கரைப் படத்தில் இருப்பவர் கமீல் என்று நான் மேலே எழுதினேன். கோகனின் படத்தில் இருக்கும் இரண்டு பெண்களுக்கும் நான் பெயர் எழுதவில்லை, கவனித்தீர்களா? படத்தின் தலைப்பு அவர்களை ‘டஹிட்டிப் பெண்கள்’ என்று முடித்துக்கொள்கிறது. பெயருள்ள இரண்டு பேரின் உருவப்படமாக இருக்க வேண்டியது, ஒரு இனத்தின் மாதிரிப் படமாகிவிட்டது. அதைப் பார்த்துக்கொண்டே, அந்தக் கோடு எவ்வளவு தீர்மானமாக ஓடுகிறது என்றும் நான் பார்க்கிறேன். இரண்டும் ஒரே நேரத்தில் நடக்கிறது. சௌகரியமாக இல்லைதான்.

சொல்லப்போனால், இதற்கு நல்ல பதில் ஒன்றை வரைந்தே காட்டியவர் இந்திய ஓவியர் அம்ரிதா ஷெர்கில். பாரிஸில் படித்தவர், கோகனை ஊன்றிப் பார்த்தவர். 1934இல், இருபத்தொரு வயதில், தன்னையே ஒரு டஹிட்டிப் பெண்ணாக வரைந்துகொண்டார். இங்கே வரைகிறவரும் அவரே, பார்க்கப்படுகிற உடம்பும் அவருடையதே, பெயரும் தெரியும். பிறகு இந்தியா திரும்பி, அஜந்தா பார்த்து, குமரிமுனை வரை வந்தார். 1937இல் தென்னிந்திய மக்களை வரைந்த அந்தப் பெரிய படங்களில் கோகனின் தட்டை வண்ணமும் கனத்த மௌனமும் அப்படியே இருக்கின்றன. ‘சந்தைக்குப் போகும் தென்னிந்தியக் கிராமத்தினர்’ படத்தைத் தேடிப் பாருங்கள். கோகனிடமிருந்து எதை எடுக்கலாம், எதை விடலாம் என்பதை அவரைவிடத் தெளிவாகச் செய்தவர்கள் குறைவு.

காசு விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன், யாராவது கேட்பார்கள். 1893 நவம்பரில் பாரிஸில் துராந்-ருயேல் கூடத்தில் கோகன் தன் டஹிட்டிப் படங்களைக் காட்சிக்கு வைத்தார். நாற்பதுக்கு மேல் வைத்ததில் விற்றது 11. நம் படம் ஒரு பிரபுவின் உயில் வழியாக 1923இல் பிரெஞ்சு அரசுக்குச் சேர்ந்தது, அதனால் சந்தைக்கு வராது. கோகன் 1892இல் வரைந்த ‘எப்போது கல்யாணம்?’ என்ற படம் 2014இல் கை மாறியபோது விலை சுமார் 21 கோடி டாலர். அதிலும் இரண்டு பெண்கள்தான். முன்னால் இருப்பவள் பரேயோவில், பின்னால் இருப்பவள் அதே இளஞ்சிவப்பு மிஷனரி கவுனில். அந்த கவுனை அவரால் முழுதாக மறக்கவும் முடியவில்லை.

மறுபடி புத்தகத்தைத் திறக்கும்போது ஒன்று செய்து பாருங்கள். வலப்பக்கத்துப் பெண்ணை உள்ளங்கையால் மறையுங்கள். பூ வைத்த ஒரு தீவுப் பெண், சிவப்புத் துணி, பின்னால் காயல். கப்பல் கம்பெனி விளம்பரத்தில் போடலாம். இப்போது கையை எடுத்து இடப்பக்கத்துப் பெண்ணை மறையுங்கள். சம்மணம் போட்ட ஒரு பெண், உடம்பை மூடிய கவுன், கையில் பாதி முடைந்த ஓலை. கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பாள் போல, ஓரமாக ஒரு பார்வை. உங்கள் பக்கம் இல்லை.